தோலினானு

இந்த அறையில் மேடையின் உயரம் ஒன்றரை அடி.
வெள்ளையடிக்க வந்தவன் அளந்து சொன்னான்.
அந்த ஒன்றரை அடியிலிருந்து
மூன்று வருஷம் வரை தண்டனை கொடுக்கலாம்.
அதற்கு மேல் தேவைப்படும் குற்றமென்றால்
கட்டைக் கட்டித் திருவள்ளூர் செஷன்ஸுக்கு அனுப்பிவிடுவோம்.
அங்கே மேடை இன்னும் உயரம்.
உயிரை எடுப்பதென்றால் அவர்கள் எழுதியதும் போதாது,
பாரிமுனைச் சிவப்புக் கட்டடம் படித்துப் பார்த்துச்
சரி என்று சொல்ல வேண்டும்.
ஆறு ஆட்டுக்கு
ஊத்துக்கோட்டையே போதும்.

நான் தட்டச்சர். மேடைக்குக் கீழே, இடது பக்கம்.
எனக்கு எதிரே ஏ.பி.பி. துளசிங்கம்.
அவர் அரசாங்கத்துக்காகப் பேசுபவர்,
ஆடு இழந்தவளுக்காக அல்ல.
இது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை,
தன் வக்கீல் என்று நினைத்து
ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்திருக்கிறாள்.
கூண்டில் நிற்கும் பெஞ்சலய்யாவுக்குச்
சட்ட உதவிப் பட்டியலிலிருந்து ஹேமாவதி.
கறுப்பு அங்கியில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
வாசலில் டவாலி மூன்று முறை கூப்பிடுவார்,
மூன்றாவது, டீக்கடைக்குக் கேட்பதற்கு.

சத்தியவேட்டில் பிறந்த குற்றத்துக்காக
இன்று எனக்கு இரண்டாவது வேலை:
உள்ளது உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று உறுதி சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கோர்ட்டுத் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவன் எதிரி.
விடுதலை எழுதும் தாளிலும் எதிரிதான்.
யாருக்கு எதிரி என்று கேட்க
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.
தெலுங்கில் முத்தாயி.
"மீரே முத்தாயி" என்று நான் அவனுக்குச் சொன்னதும்
பின் பெஞ்சில் ஆட்டுக்காரி எழுந்து நின்றாள்.
அவள் பெயர் முத்தாயி.
"நான் என்னம்மா பண்ணேன்?"
எல்லாரும் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை. கூண்டில் இருந்தவனும்.

சாட்சிகள் முடிந்தன.
சான்றுப் பொருள் ஒன்று: கயிறு, இரண்டு துண்டு.
ஆடுகளைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு
திருப்பிக் கொடுத்தாயிற்று.
கோப்பில் இருப்பது போட்டோ. அதில் ஒரு வெள்ளாடு
ஸ்டேஷன் சீட்டின் ஓரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

இனி நடுவர் எதிரியை நேராய்க் கேட்கும் கட்டம்.
இதற்கு மட்டும் சத்தியம் கிடையாது.
"ஆடுகளை நீ கொண்டுபோனதாகச் சொல்கிறார்களே?"
அவன் மின்விசிறியைப் பார்த்தான்.
"தோலினானு."

"தோலா? உரித்தேவிட்டானா?" துளசிங்கம் பாதி எழுந்தார்.
தோல் இல்லை, ஐயா. ஓட்டுவது.
ஓட்டுவது என்றால்,
கடலைக்கொல்லையில் மேய்ந்ததை விரட்டினேன் என்றும் ஆகும்,
ஆற்று மணலில் நின்றதை ஓட்டிக்கொண்டு போனேன் என்றும் ஆகும்.
ஒன்றுக்கு வீடு.
மற்றதற்குப் புழல்.
நம்மிடம் இரண்டு சொல், அவன் வாயில் ஒன்று.

வி அடிக்கவா, ஓ அடிக்கவா?
நடுவர் நாங்குநேரிப் பக்கம், தெலுங்கு வராது.
என் முகத்தையே பார்த்திருந்தார்.
அந்த ஒரு நிமிஷம்
ஒன்றரை அடியும் என் நாற்காலிக்குக் கீழே இருந்தது.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"இன்னொரு முறை கேட்க அனுமதி வேண்டும், ஐயா."
"மொழிபெயர்ப்பவர் விசாரிக்கக் கூடாது" என்றார் துளசிங்கம்.
சரிதான், கூடாது.
ஹேமாவதி எழுந்தாள்,
என்ன சொல்வதென்று தெரியாமலே எழுந்தாள்.
"நான் கேட்பதாகக் கேளுங்கள்" என்றார் நடுவர்.

எங்கிருந்து?
"சேன்லோ நுஞ்சி." கொல்லையிலிருந்து.
எங்கே?
அதற்கு அவன் கையைத்தான் நீட்டினான்,
ஜன்னலுக்கு வெளியே, ஆரணியாற்றுப் பக்கம்.
கையை எப்படித் தட்டச்சு செய்வது?

அவன் சொன்ன சொல்லையே தமிழெழுத்தில் அடித்தேன்,
மேற்கோள் குறிக்குள். கீழே இரண்டு பொருளும்.
அதற்கும் கீழே: எதிரி கையால் வடக்கே காட்டினார்.
நடுவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.
"தீர்ப்புக்கு வாய்தா."

வாய்தா.
அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
கூண்டில் ஒரு தலையும் பின் பெஞ்சில் ஒரு தலையும்
ஒரே நேரத்தில் அசைந்தன.

துளசிங்கம் முருங்கைக்காயைத் தொடவில்லை.
முத்தாயி அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்,
நான் யார் பக்கம் என்று
கேட்காமலே.